எழுந்து நிற்காதவர்

தீர்த்தம் தெளித்து வீடு மந்திரிக்க மாதா கோயில் சுவாமியார் வரும் நாளில் எங்கள் வரிசை முழுவதும் வாசற்படியில் எழுந்து நிற்கும். கண்டி ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டிக் கட்டிய வாடகை அறைகள் அவை. முதல் அறையில் நாங்கள். அப்பா தேயிலைப் பண்டகசாலையில் கிளார்க்கு. நடு அறைகளில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கடைசி அறைக்காரர் மட்டும் மாறவில்லை, எழுந்து நிற்கவுமில்லை. தம் டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்து, மடியில் இருக்கும் ஜரிகைக் கிரீடத்தில் ஊசியை இழுத்தபடியே தலையை மட்டும் நிமிர்த்துவார்.

“வாங்க சாமி, உக்காருங்க. நான் எந்திரிச்சா நீங்களும் நின்னுக்கிட்டே பேசுவீங்க. எதுக்கு ரெண்டு பேருக்கும் கால் வலி?”

சுவாமியார் சிரித்துக்கொண்டே அந்த அறையில் இருந்த ஒரே கதிரையில் உட்காருவார். வெளியில் நிற்கும் அம்மாவுக்குத்தான் உடம்பெல்லாம் கூசும்.

“சாமிக்குக்கூட எந்திரிக்க மாட்டாளாம். பெரிய ராணி!”

“கேட்டுச்சு மதினி,” என்று உள்ளேயிருந்து குரல் வரும். “ராணி வேசம் போன மாசத்தோட முடிஞ்சுது. இந்த மாசம் தேவி.”

சுவாமியாருக்கு மட்டுமல்ல, யாருக்கும் எழமாட்டார். நகரசபையிலிருந்து சுகாதாரப் பரிசோதகர் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். அறை அறையாகப் புகுந்து பாயைத் தூக்கிப் பார்த்தார், பானையைத் திறந்து பார்த்தார். கடைசி அறைக்கு வந்து பெட்டியின் அடியைப் பார்க்க வேண்டும் என்றார். “தாராளமா பாருங்க. பெட்டியத் தூக்கணும்னா என்னையும் சேத்துத் தூக்கணும்,” என்றார் இவர். பரிசோதகர் சற்று நேரம் யோசித்துவிட்டு, பெட்டிக்கு அடியில் சுத்தமாகத்தான் இருக்கும் என்று சொல்லிப் போய்விட்டார்.

ஒருநாள் அம்மா நேரடியாகவே கேட்டாள். அன்று அவர் கோபப்படவில்லை.

“ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துல எங்கப்பாவ பாத்திருக்கீங்களா மதினி? கங்காணி வந்தா எந்திரிப்பாரு. கணக்கப்பிள்ள வந்தா எந்திரிப்பாரு. தொர வந்தா எந்திரிப்பாரு, தொரையோட நாய் முன்னால ஓடி வந்தாலும் எந்திரிப்பாரு. சோறு பாதியில கிடக்கும். எங்க குடும்பத்துக்கு வேண்டிய அளவுக்கு அவரே எந்திரிச்சு முடிச்சுட்டாரு.”

தோட்டத்துக் கூலி லயத்தை விட்டு இறங்கி நாடகக் கொட்டகைக்கு அவர் எப்படி வந்தார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கு விவரம் தெரிந்தபோது அவர் வானத்திலிருந்து இறங்குகிறவராக இருந்தார். நகரத்தில் தகரக்கூரை போட்ட கொட்டகையில் ஒரு நாடகக் கம்பெனி நிலையாக இருந்தது. கதை எதுவானாலும் கடைசியில் ஒரு தேவி மேலேயிருந்து இறங்கி வந்து நல்லவனுக்கு வரம் கொடுக்க வேண்டும். இடுப்பில் தோல்வார், வாரின் பின்னால் இரும்புக் கொக்கி, கொக்கியில் கயிறு. பரணில் நின்று கயிற்றை விடுகிறவர் மடவளை ஊர் முஸ்லிம் ஒருவர்; எல்லாருக்கும் அவர் ‘நானா’. தேவியின் உயிர் அந்த நானாவின் உள்ளங்கையில் இருந்தது.

வரிசையில் அவரைக் ‘கம்பெனி அக்கா’ என்றார்கள். அது அவருக்குப் பிடிக்காது. “நான் கம்பெனி ஆளு இல்ல. கம்பெனி கூப்பிட்டா போற ஆளு,” என்று சின்னப் பிள்ளைகளைக்கூடத் திருத்துவார்.

அதற்கு அவரிடம் ஓர் ஆதாரம் இருந்தது. நாடகக்காரர்களில் இரண்டு வகை. மாதச் சம்பளத்துக்கு இருப்பவர்கள் ஒரு வகை. அவர்கள் கொட்டகையிலேயே சாப்பிட்டு, அங்கேயே படுப்பார்கள். மற்றவர்கள் ‘ஸ்பெஷல்’காரர்கள். ஒவ்வொரு புது நாடகத்துக்கும் முதலாளி அவர்களுடைய வீட்டுக்குப் பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து ஆளனுப்புவார். தட்டில் கை வைத்து ஒரு வெற்றிலையை எடுத்தால் நடிக்கச் சம்மதம்.

தட்டு எங்கள் வரிசைக்குள் வரும்போது அவர் வேண்டுமென்றே தலையை அவிழ்த்துவிட்டுப் பின்னத் தொடங்குவார். வந்த ஆள் வெயிலில் நிற்பான். பின்னல் முடிந்து, முடிச்சுப் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு வெற்றிலையை எடுப்பார். நடு அறைகளிலிருந்து எட்டிப் பார்ப்பவர்கள் எல்லாரும் பார்த்து முடிக்கும்வரை அதைக் கையிலேயே வைத்திருப்பார்.

“சம்பளக்காரிக்கு எவனாவது தட்டு ஏந்துவானா? பிடிச்சா எடுப்பேன், பிடிக்கலன்னா தட்டு அப்படியே திரும்பிப் போகும்.”

அத்தனை வருடத்தில் தட்டு அப்படியே திரும்பிப் போனதை நான் பார்த்ததில்லை. ஒருமுறை அவருக்குக் காய்ச்சல். போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டி வெற்றிலையை எடுத்தார்.

கொட்டகைக்கு என்னை ஒரே ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூட விடுமுறை நாள், காலை ஒத்திகை. பகலில் பார்த்தால் கொட்டகை வெறும் தகரமும் மூங்கிலும்தான். ஹார்மோனியக்காரர் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ராஜா வேடக்காரர் தரையில் உட்கார்ந்து பாணைப் பிய்த்துத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். இவர் மேலே கயிற்றில் தொங்கியபடி, “நானா, இன்னும் கொஞ்சம் விடுங்க. தேவி என்ன, வௌவாலா?” என்று பரணைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

வாசற்படியில் டக் டக் என்று இரண்டு தட்டு.

பாண் தரையில் விழுந்தது. ஹார்மோனியக்காரர், ராஜா, திரை இழுப்பவர்கள், சமையற்காரி எல்லாரும் எழுந்து நின்றார்கள். வெள்ளிப்பூண் போட்ட கைத்தடியோடு மெலிந்த மனிதர் ஒருவர் உள்ளே வந்தார். அவர்தான் முதலாளி. குரலை உயர்த்திப் பேசுகிறவரல்ல. ஒவ்வொருவரையும் பார்த்து, “உக்காரு… உக்காரு,” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். யாரை நோக்கிச் சொன்னாரோ அவர் மட்டும் உட்கார்ந்தார்.

நான் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிற்றில் தொங்குகிறவருக்கு எழவேண்டிய சங்கடம் இல்லையே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அதுவரை காற்றில் ஆடிக்கொண்டிருந்த அவருடைய இரண்டு கால்களும் ஒன்றாகச் சேர்ந்தன. பாதங்கள் நேராகக் கீழ்நோக்கி நின்றன. தேவிக்கு அப்படி ஒரு நிலை இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நான் பள்ளியை முடித்தேன். சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் படித்துச் சான்றிதழ் வாங்கி, நீதிமன்றத்துக்கு அருகில் வழக்குப் பேசும் யாழ்ப்பாணத்துப் பிரக்கிராசி ஒருவரின் கந்தோரில் எழுத்து வேலைக்குச் சேர்ந்தேன். அந்த நாட்களில்தான் பேசும் படம் வந்து நாடகக் கொட்டகைகளில் கூட்டம் மெலியத் தொடங்கியது. படத்தில் காட்ட முடியாததைக் காட்ட வேண்டும் என்று முதலாளி தேவியை இன்னும் உயரத்திலிருந்து இறக்கினார்.

கயிறு அறுந்தது. அக்கா மேடையின் விளிம்பில் இடுப்பு அடிபட விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது மரக்கட்டைபோலக் கிடந்தார். முதலாளி திராட்சையும் தோடம்பழமும் வாங்கிக்கொண்டு வந்து, “அம்மா சீக்கிரம் குணமாகி வரணும்,” என்று கைகூப்பிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இன்னொரு முறையும் வந்தார். அதன்பின் வரவில்லை. இனிக் கயிற்றில் ஏற முடியாது, நேராக நடப்பதும் சந்தேகம் என்று டாக்டர் சொன்னது முதலாளியின் காதுக்கு எட்டியிருக்க வேண்டும். நானா போய்க் கேட்டதற்குப் பதில் வந்தது: அம்மா கம்பெனியின் வேலையாள் அல்ல, ஸ்பெஷல், ஒப்பந்தம் பேசி வரும் கொந்தராத்துக்காரர். தம் தொழிலைத் தாமே கொண்டுவந்து செய்தவர். அதில் வரும் நஷ்டமும் அவருடையதே.

அக்கா அறைக்குத் திரும்பினார், கக்கத்தில் ஒரு கட்டையோடு. வீட்டுக்காரர் அறையை வேறு ஆளுக்குப் பேசியாகிவிட்டது என்று சொல்லத் தொடங்கியிருந்தார். ஹந்தானையிலிருந்து தம்பி ஆளனுப்பினான்: லயத்துக்கு வந்துவிடு, ஒரு மூலையில் பாய் போட்டுத் தருகிறோம்.

“போக மாட்டேன்,” என்றார் என்னிடம்.

வேலையில் அடிபட்டவர்களுக்கு எசமான் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்ற சட்டம் அப்போது புதிது. தோட்டக்காரர்கள், ஆலைக்காரர்கள் என்று சிலர் கந்தோருக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். நாடகக்காரர்கள் எவரும் வந்ததில்லை. நான் எங்கள் பிரக்கிராசி ஐயாவை நச்சரித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வேலையாள் எண்டால் சட்டம் இருக்கு. கொந்தராத்துக்காரர் எண்டால் இல்லை. ஆருடைய சொல்லுக்கு ஆர் ஆடினது, அதுதான் கேள்வி. நீர் அதை ரெண்டு பக்கமாய் எழுதிக்கொண்டு வாரும் பிள்ளை.”

அது என் சுபாவத்துக்கு ஏற்ற வேலை. நமக்குச் சாதகம்: ஒத்திகை நேரத்தை முதலாளி வைப்பார், பிந்தினால் அபராதம், வேறு கொட்டகைக்குப் போகக்கூடாது, கயிறு கம்பெனியுடையது, எவ்வளவு உயரம் என்பதை முதலாளி சொல்வார். நமக்குப் பாதகம்: தோல்வார் அவருடையது, கிரீடமும் உடுப்பும் அவருடையவை, வெற்றிலை. பாதகத்தின் கடைசியில் இன்னொன்றையும் எழுதவேண்டி வந்தது: அவருடைய வாய்.

ஐயா அக்காவை வரவழைத்து விளக்கினார்.

“நீங்கள் சொல்லவேண்டியது ஒண்டுதான் அம்மா. ‘நான் அவரிட்டை வேலை செய்தனான்.’ அவ்வளவுதான்.”

“அத சொல்ல மாட்டேங்க.”

“ஏன்?”

“நான் யார்கிட்டயும் வேல செய்யல. கூப்பிட்டாங்க, போனேன்.”

“அப்பிடிச் சொன்னால் வழக்கு அங்கையே முடிஞ்சுது.”

“ஐயா, உங்கள கூப்பிட்டுத்தானே வழக்குப் பேச வைக்கிறாங்க? நீங்க யாருக்கு வேலைக்காரன்?”

ஐயா என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

விசாரணை அரசாங்க அலுவலகமான கச்சேரிக் கட்டடத்தில் ஒரு சிறிய அறையில் நடந்தது. நீண்ட மேசை, அதன் பின்னால் விசாரணை அதிகாரியின் நாற்காலி, எங்களுக்குச் சில கதிரைகள், சுவரோரத்தில் ஒரு நீள மர வாங்கு. நாங்கள் போகுமுன்பே முதலாளி தம் பிரக்கிராசியோடு வந்து உட்கார்ந்திருந்தார். வாங்கில் நானா உட்கார்ந்திருந்தார். சாட்சிக்கு அவர் ஒருவர்தான் வரச் சம்மதித்தார். மற்ற ஸ்பெஷல்காரர்களிடம் போனபோது, “எங்களையும் வேலக்காரனாக்கவா பாக்குறீங்க?” என்று கதவைச் சாத்தினார்கள்.

அதிகாரி உள்ளே வந்தார். நாங்கள் எழுந்தோம். அக்கா எழவில்லை. ஐயா பதறிப்போய் ஆங்கிலத்தில், காயத்தினால் அவரால் எழ முடியாது, மன்னிக்க வேண்டும் என்றார். அதிகாரி பரவாயில்லை என்று தலையசைத்தார்.

முதலில் முதலாளி பேசினார். அழகாகப் பேசினார். அம்மா பெரிய கலைஞர், அவரை வேலையாள் என்று சொல்வதே பாவம் என்றார். ஒவ்வொரு நாடகத்துக்கும் வெற்றிலைத் தட்டோடு அவர் வாசலில் காத்து நின்று அழைத்திருக்கிறோம், எந்த எசமான் தன் வேலைக்காரனை அப்படி அழைப்பான் என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிக்கையில் அதிகாரி அக்காவைப் பார்த்தார். அக்காவின் முகம் மலர்ந்திருந்தது. அப்படி ஒரு சபையில் அதைக் கேட்க அவர் எத்தனை வருடம் காத்திருந்தாரோ!

அடுத்து அக்காவின் முறை. அதிகாரி கேட்டார்.

“உம்மை வேலைக்கு வைத்தது யார்?”

“யாரும் வைக்கல. மரியாதையா கூப்பிட்டாங்க, போனேன்.”

“வர முடியாது என்று சொல்ல உம்மால் முடியுமா?”

“ஏன் முடியாது?”

எதிர்த்தரப்புப் பிரக்கிராசி பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார். என் பென்சில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி தேநீருக்காகச் சற்று நேரம் கலையச் சொன்னார்.

ஐயா அக்காவை விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஐயாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான்.

“உங்கடை வழக்கை நீங்களே தோற்கடிக்கிறியள்! அந்த மனிசன் உங்களைப் புகழ்ந்து புகழ்ந்து குழி வெட்டுறார். நீங்கள் சிரிச்சுக்கொண்டு அதுக்குள்ளை இறங்கிறியள்.”

“தோத்தா தோத்துட்டுப் போறேன். அந்த வார்த்த என் வாயில வராது.”

ஐயா சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டார். விறாந்தைத் தூண்களுக்கு அப்பால் ஹந்தானை மலை மழை மூட்டத்தில் நின்றது. தேயிலைக்கு நடுவே லயங்களின் கூரைகள் கோடு கோடாகத் தெரிந்தன. அவர் அதைப் பார்க்காமல் இருக்க முகத்தைத் திருப்பியிருந்தார்.

“அக்கா, அங்கதான் போகப்போறீங்களா?”

அவர் கக்கத்துக் கட்டையின் பிடியை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மறுபடி உள்ளே போனோம். அதிகாரி வந்தார், எழுந்தோம், அக்கா உட்கார்ந்தபடியே இருந்தார். முதலாளியின் கதிரை காலியாக இருந்தது. அவர் தேநீர் குடித்துவிட்டு வரப் பிந்திவிட்டது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். தீர்ப்பைச் சொல்லி முடிக்கத்தான் காத்திருக்கிறார் என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

வாசற்படியில் டக் டக் என்று இரண்டு தட்டு.

அக்கா எழுந்தார். கட்டை நழுவித் தரையில் விழுந்து பெரிய சத்தம் எழுப்பியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உடைந்த இடுப்போடு, இரண்டு கால்களையும் சேர்த்துவைத்து நேராக நின்றார். பின்னால் வாங்கில் நானாவும் நின்றார்.

முதலாளி உள்ளே வந்தார். நிற்கிறவரைப் பார்த்தார். அவருக்கும் யோசிக்க நேரமில்லை.

“உக்காரு,” என்றார்.

அக்கா உட்கார்ந்தார்.

காலை முழுக்க ‘அம்மா’, ‘கலைஞர்’ என்று சொன்ன வாய் இப்போது என்ன சொல்லிவிட்டது என்று முதலாளிக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. அதிகாரி மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர், “உட்காரச் சொன்னார்,” என்றார்.

“நான் வந்தபோது இவரால் எழ முடியாது என்றார்கள். இப்போது எப்படி எழுந்தார்?”

அக்கா வாய் திறக்கவில்லை. பின்னாலிருந்து நானாதான் சொன்னார்:

“மொதலாளிட தடிச் சத்தம் கேட்டா ஆரா இருந்தாலும் எழும்போணும் தொரே. எழும்பாட்டி அபராதம். அது கம்பெனிச் சட்டம்.”

“ஸ்பெஷல்காரர்களுமா?”

“தடிக்கு அதெல்லாம் தெரியுமா தொரே?”

“சரி, நீர் ஏன் இன்னும் நிற்கிறீர்?”

நானா தடுமாறி முதலாளியை ஒருமுறை பார்த்தார்.

“எனக்கு இன்னும் உக்காரச் சொல்லல்லயே.”

எதிர்த்தரப்புப் பிரக்கிராசி பைக்குள்ளிருந்து பேனாவை மறுபடி வெளியே எடுத்தார். ஆனால் அதிகாரி எழுதத் தொடங்கியிருந்தார். எங்கள் ஐயா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டுக் கெடுத்துவிடக்கூடாது என்று நினைத்தாராம்; பிறகு என்னிடம் சொன்னார்.

முடிவு அக்காவின் பக்கம் வந்தது; நட்டஈட்டுப் பணமும் கிடைத்தது. வீட்டுக்காரருக்கு அறையை வேறு ஆளுக்குப் பேசியது மறந்துபோயிற்று. தம்பியின் ஆள் வெறுங்கையோடு ஹந்தானைக்குத் திரும்பினான்.

ஆனால் அடுத்த நாடகத்திலிருந்து கம்பெனி யாருக்கும் வெற்றிலை அனுப்பவில்லை. இனி எல்லாரும் வேலையாட்கள்தானே, வேலையாட்களுக்கு எதற்குத் தட்டு என்றாராம் முதலாளி. ராஜா வேடக்காரர் எங்கள் வரிசைக்கே வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார்.

“உன் ஒருத்தியால எங்க எல்லார் மரியாதையும் போச்சு! தட்டு ஏந்தி வந்தவன் இப்ப விசில் அடிச்சுக் கூப்பிடுறான்!”

அக்கா பெட்டியின்மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“கத்தாதண்ணே. நாளைக்கு நீ விழுந்தா, தட்டா வந்து தூக்கும்?”

ராஜா போன பிறகு அக்கா பழைய கிரீடத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். வெற்றிலை போனது ராஜாவைவிட இவருக்குத்தான் அதிகம் வலித்திருக்கும். அன்று நான் கேட்டுவிட்டேன்.

“அக்கா, நீங்க தெரிஞ்சேதான் எந்திரிச்சீங்களா? இல்ல, தானா…?”

அவர் மேடையில் வரம் கொடுக்கும்போது பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

“வாயத் தொறந்து நான் ஏதாவது சொன்னேனா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன?”

கொஞ்ச நாள் கழித்து ஐயா அந்தப் பக்கம் வந்தவர், அவரைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று எங்கள் வரிசைக்குள் நுழைந்தார். அம்மாவும் நடு அறைக்காரர்களும் எழுந்து வாசலில் நின்றார்கள். கடைசி அறையில் அக்கா பெட்டியின்மேல் உட்கார்ந்தபடியே கதிரையைக் காட்டினார்.

“வாங்க ஐயா, உக்காருங்க. நான் எந்திரிச்சா நீங்களும் நிப்பீங்க.”

“ஓம், அது எனக்குத் தெரியும்,” என்று ஐயா சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அம்மா தேநீர் கொடுத்தனுப்பினாள். அக்கா உற்சாகமாக இருந்தார். சுகாதாரப் பரிசோதகர் கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். ஐயா தேநீரைச் சிந்திக்கொண்டு சிரித்தார். நான் படியில் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே சந்தில் யாரோ வயதானவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு போனார். கல்லில் அது இரண்டு முறை தட்டியது.

அக்காவின் பேச்சு நிற்கவில்லை, குரலும் மாறவில்லை. சேலைக் கரைக்குக் கீழே அவருடைய நல்ல கால் மட்டும் மெல்ல நகர்ந்து, கோணலான காலோடு சேர்ந்துகொண்டது.